மாற வேண்டியவர் ஆழ்வார் அல்ல

கரோனா நாட்களில், 2020 மே மாதம், கோயம்பேடு சந்தை திருமழிசைக்கு இடம் பெயர்ந்தபோதுதான் தாம்பரம் பக்கத்தில் பலருக்கு அந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தது. வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறினால் எட்டிவிடுகிற ஊர். தக்காளிக்கு முன்பே அந்த ஊருக்கு வேறொரு பெருமை உண்டு. பன்னிரு ஆழ்வார்களில் ஒருவர் அந்த மண்ணுக்காரர். கைவிடப்பட்ட குழந்தையாக, பிரம்பு வெட்டிப் பிழைத்த திருவாளன், பங்கயச்செல்வி தம்பதியின் குடிசையில் வளர்ந்தவர். நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் பாடியவர். நான்கு வருணங்களில் எதிலும் தான் பிறக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. பாட்டிலேயே எழுதி வைத்துவிட்டார்.

அவரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. குடந்தைக்குப் போகும் வழியில் பெரும்புலியூரில் ஒரு திண்ணையை ஒட்டி ஆழ்வார் உட்காருகிறார். வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர்கள் இவர் காதில் விழக் கூடாதென்று வாயை மூடிக்கொள்கிறார்கள். புரிந்துகொண்டு அவர் எழுந்து போகிறார். மீண்டும் ஓதத் தொடங்கியவர்களுக்கு விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் ஒன்றும் பேசாமல் ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் கீறிக் காட்டுகிறார். விட்ட வரி அவர்களுக்கு நினைவு வருகிறது, காலில் விழுகிறார்கள். பிறகு அந்த ஊர் வேள்விச் சாலையில் அவருக்கு முதல் மரியாதை தரப்பட்டபோதும் சிலர் முணுமுணுத்தார்கள், அவர்களும் கடைசியில் பணிந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கதை தொடங்கும்போது ஆழ்வார் யாராக இருந்தாரோ, முடியும்போதும் அவரேதான். மாறியவர்கள் திண்ணைக்காரர்கள்.

இதே புறநகரின் இன்னொரு பெருமை குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். திருநாளைப்போவார் என்ற நந்தனின் கதையை நமக்கு விரித்துச் சொன்னது அவருடைய பெரியபுராணம். ஆதனூர்ச் சேரியில் இருந்துகொண்டு கோயில் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் தந்தவர் நந்தன். அவர் தந்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது, அவர் வெளியே நின்றார். தில்லைக் கோயிலுக்குள் போக ஏங்கியவருக்கு அனுமதி கனவில் கிடைத்தது, தீயில் மூழ்கி வா என்ற நிபந்தனையோடு. மதிலுக்கு வெளியே அந்தணர்கள் தீ வளர்த்தார்கள். இறங்கினார், பூணூலும் சடைமுடியும் கொண்ட முனிவராக எழுந்தார், அதன் பிறகே கோயிலுக்குள் போனார். இங்கே மாறியவர் நந்தன். தீ மூட்டியவர்கள் யாரும் மாறவில்லை.

சேக்கிழாரைக் குறை சொல்வது எம் நோக்கமல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஒரு சோழ அமைச்சர், நந்தனின் சேரியையும் அங்கு வாழ்ந்தவர்களின் உழைப்பையும் அத்தனை நுணுக்கமாகப் பாடியதே பெரிய காரியம். குற்றம் அந்தத் தீயை இன்னும் அணைக்காத நம்முடையது.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் என்று எந்தத் தெருவிலும் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். புரோக்கர் போனிலேயே தொடங்கிவிடுவார்: சொந்த ஊர் எது சார்? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன வேலை பார்த்தார்? குலதெய்வம் எது? அசைவம் சமைக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை, பிடிக்காதவர் வேறு வீடு பார்க்கலாம். அதற்குத் தலையாட்டிய பிறகும் கேள்வி குலதெய்வத்தில் வந்து நிற்கிறது என்றால், விசாரிக்கப்படுவது சமையல் அல்ல. பதில் பிடிக்கவில்லை என்றால், "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரே." அடுத்த வாரமும் அதே கேட்டில் 'டு லெட்' அட்டை தொங்கும். படித்து வேலைக்கு வந்த பிள்ளைகள் அப்பா பெயரை மாற்றிச் சொல்லவும், ஊரை மாற்றிச் சொல்லவும் பழகிக்கொள்கிறார்கள். தீயில் இறங்கி வேறு ஆளாக எழுந்து வா என்பதைத்தான் நாம் அட்வான்ஸோடு சேர்த்துக் கேட்கிறோம்.

இதை நாகரிகமான விருப்பத் தேர்வு என்று வாதிடுபவர்கள் உண்டு. அதை எம்மால் ஏற்க முடியாது. இது தீண்டாமை. அதைச் செய்பவர் தை மகத்தில் திருமழிசையாழ்வாருக்கு மாலை சாத்தினாலும், அறுபத்துமூவர் உலாவில் நந்தன் சிலைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் இது தீண்டாமைதான்.

இதே பக்கத்துக் கதை இன்னொன்று: பூவிருந்தவல்லிக்காரர் திருக்கச்சி நம்பி. அந்தணர் அல்லாத அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டவர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர். தாம் இல்லாத நேரத்தில் நம்பி வந்து உண்டு போன பிறகு வீடு திரும்பிய ராமாநுஜர் கண்டது, இலை எறியப்பட்டு, இடம் மெழுகப்பட்டு, மனைவி குளித்து மறுசமையல் செய்துகொண்டிருந்ததை. 2017இல் ராமாநுஜரின் ஆயிரமாவது ஆண்டை ஊர் ஊராகக் கொண்டாடினோம். அன்று மெழுகிய கை இன்னும் ஓயவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் சமையலறைகள் நம் அடுக்ககங்களில் எத்தனை என்று அவரவர் வீட்டிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

சாதி கேட்டு வீடு மறுக்கிற அதே காம்பவுண்டுக்குள் ஒருவரை மட்டும் கேள்வி கேட்காமல் விடுவார்கள். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இங்கே ஏராளம். தொட்டி நிரம்பியதும் லாரி வரும். அடியில் தங்கிய கசடை வழிக்க ஆள் இறங்குவார். அவருடைய குலதெய்வம் எது என்று யாரும் விசாரிப்பதில்லை, தெரியும் என்பதால். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. உயிருக்கு விலை கூடியிருக்கிறது, இறக்கிவிடுகிறவர்களுக்குக் கூச்சம் வரவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. அதன் மேயர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022இல் முதல் மேயரும் அப்படியே வந்தார். மேயர் நாற்காலிக்கு வழிவிட்டது சட்டம். வாடகை வீட்டுக்கும் சட்டம் உண்டு, அதைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4வது பிரிவு, குடியிருக்க இடம் பெறுவதில் தீண்டாமையின் பேரில் தடை ஏற்படுத்துவதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் மட்டும் நூறு முதல் ஐந்நூறு ரூபாய். புரோக்கர் கமிஷனில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

அதுவரை, இருப்பதையாவது பயன்படுத்தலாம். குடியிருப்போர் நலச்சங்கங்கள் தம் விதிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் உள்ள சாதி வடிகட்டிகளை எடுக்க வேண்டும். பெருமாள் கோயில், சிவன் கோயில் அறங்காவலர்கள் ஆழ்வார் திருநட்சத்திரத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் சிறிது இதற்கும் ஒதுக்க வேண்டும். வீடு மறுக்கப்பட்ட பட்டியல் இனத்தவர் புகார் தந்தால், 'நிரூபிக்க முடியுமா?' என்று அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதே சட்டத்தின் 12வது பிரிவின்படி, குற்றமான செயல் நடந்திருந்தால் அதற்குத் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். 2022 முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. அதன் எல்லையில் உள்ள ஒவ்வொரு நிலையத்திலும் இந்தப் பிரிவைத் தமிழில் எழுதி, புகார் வாங்கும் மேசைக்கு நேரே மாட்டச் சொல்கிறோம்.