நகரத்தில் நம் குடும்பம்: ஆறடிப் பிள்ளைக்கு எந்த வண்டி?



மும்பை தாராவியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேஜைமீது இருக்கிறது. கணவரை இழந்தவர். 22 வயதான ஒரே மகனுக்கு அந்தேரியில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு சேர நள்ளிரவாகிவிடுவதால் மோட்டார் சைக்கிள் அவசியமாகிவிட்டது. மகன் ஆறடி இரண்டங்குல உயரம். எடை 112 கிலோ. இதுவரை வண்டி ஓட்டியதில்லை. அவன் 350 சி.சி. புல்லட் கேட்கிறான். தாயாரோ, விசுவாசிக்கு 100 சி.சி. போதும், பெரிய வண்டி பெருமைக்கு அடையாளம் என்கிறார். எந்த வண்டியானாலும் தம் வளையல்களை அடகு வைத்துத்தான் வாங்கவேண்டும்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. நண்பனுடைய சிறிய வண்டியில் மகன் பழகப் போனபோது, யானை சைக்கிளில் ஏறினதுபோல் இருக்கிறது என்று சிலர் சிரித்தார்களாம். அதன்பின் மூன்று வாரமாக அவன் வாலிபர் கூட்டத்திற்கு வரவில்லை. சிரித்தவர்கள் வெளியார் அல்லர். அந்தக் கூட்டத்துப் பிள்ளைகளே. இதை அவர்களும் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். சவுல் எல்லா ஜனங்களிலும் தோளுக்கு மேலே உயர்ந்தவனாயிருந்தான் என்று வேதத்தில் வாசிக்கிறோம். அதற்காக அவனை யாரும் கேலி செய்ததாக நான் வாசிக்கவில்லை.

அந்தச் சவுலின் சர்வாயுதத்தைத் தரித்துப் பார்த்த தாவீது, தனக்கு அதில் பழக்கமில்லை என்று சொல்லிக் கழற்றி வைத்ததையும் அறிவோம். ஆயுதம் நல்ல ஆயுதந்தான். அணிந்தவனுக்குப் பொருந்தவில்லை, பழகவும் இல்லை. வண்டி வாங்குவதிலும் இவ்விரண்டையுமே கேட்கவேண்டும். தாயார் பொருத்தத்தை மறந்துவிட்டார். மகன் பழக்கத்தை மறந்துவிட்டான்.

முதலில் சகோதரிக்கு. நீங்கள் நினைக்கும் ஸ்பிளெண்டர் போன்ற வண்டியின் எடை 112 கிலோ. உங்கள் மகனின் எடையும் அதுவே. ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று ஓர் அளவு உண்டு. 100, 125 சி.சி. வண்டிகள் பலவற்றில் அது ஏறத்தாழ 130 கிலோ. உபவாச ஜெபத்திற்கு உங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் 58 கிலோ. இருவரும் சேர்ந்து 170. மழைக்காலத்தில் சயன் பக்கத்துப் பள்ளங்களில் பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர் அடிவரை அமுங்கி முதுகெலும்பில் இடிக்கும். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க நேரமாகும். சிறிய வண்டி தாழ்மையின் வண்டி என்று எண்ணுகிறோம். இந்தப் பிள்ளைக்கு அது ஆபத்தான வண்டி. அவன் பெரிய வண்டி கேட்பதில் பெருமை கொஞ்சம் இருக்கலாம், நியாயமும் இருக்கிறது.

இனி தம்பிக்கு. நீ கேட்கும் புல்லட் 350, கிளாசிக் 350 ஆகியவற்றின் எடை 195 கிலோ. உன் பலத்திற்கு அது பெரிதல்ல என்று நினைப்பாய். பழகாதவர்கள் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை, நிற்கும்போது விழுகிறார்கள். சிக்னலில் கால் ஊன்றுகையில், சரிவில் பின்னுக்குத் தள்ளுகையில், குறுகிய இடத்தில் திருப்புகையில் வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பிக்கும். ஓர் அளவுக்குமேல் சாய்ந்துவிட்டால் எந்தப் பலசாலியும் நிறுத்த முடியாது. எங்கள் சபையில் உன்னைப்போலவே திடகாத்திரமான ஒரு வாலிபன், வாங்கிய வாரத்திலேயே தெருமுனையில் வண்டியின்கீழ்க் கணுக்காலைக் கொடுத்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு ஆராதனைக்கு வந்தான். உங்கள் தாராவிச் சந்துகளில் வண்டியை ஓட்டுவதைவிடத் தள்ளுவதே அதிகம்.

பெரிய என்ஜினின் வேகத்திற்கும் மும்பையில் இடம் குறைவு. பாந்த்ரா–வொர்லி கடற்பாலம், ஈஸ்டர்ன் ஃப்ரீவே, 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது என விரைந்து செல்லத்தக்க பாதைகளில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

ஷோரூமில் விற்பனையாளர் பேசும் சி.சி.யைச் சற்று மறந்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்து பார். பத்து நிமிடமாவது உட்கார். இருக்கையின் உயரம் மீட்டியோர் 350-ல் 765 மி.மீ., ஹண்டர் 350-ல் 790, கிளாசிக்கில் 805. தாழ்ந்த இருக்கை எளிதாகத் தோன்றும். நெடுங்காலனுக்கு அதில் முழங்கால் மடங்கி அரை மணியில் வலி எடுக்கும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்; முழங்காலில் இடித்தால் யூ-டர்னில் விழுவாய். உன் ஷூவின் நுனி கியர் லீவருக்குக் கீழே தாராளமாக நுழைகிறதா என்றும் பார். பெரிய பாதம் உள்ளவர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுப் பின்பு கியர் மாற்றத் தவிக்கிறார்கள். பணம் கட்டுமுன் உரிமையாளர் கையேட்டைக் கேட்டு வாங்கி, அனுமதிக்கப்பட்ட பாரம் உங்கள் இருவரின் 170 கிலோவைத் தாண்டுகிறதா என்று உன் கண்ணால் வாசி. விற்பனையாளரின் வாய்மொழி போதாது.

என் ஆலோசனை இது. புதிய வண்டியை இப்போது வாங்கவேண்டாம். சில ஆண்டு ஓடிய எக்ஸ்பல்ஸ் 200 ஒன்றைத் தேடுங்கள். இருக்கை ஏறத்தாழ 825 மி.மீ. உயரம், எடை 160 கிலோவுக்குள். உயரமானவனுக்குக் கால் நீட்ட இடம் உண்டு, சாய்ந்தாலும் தூக்கிவிடலாம். கீழே விழுந்து கீறல் பட்டாலும் தாயாரின் வளையலில் கீறல் விழுந்ததுபோல் நெஞ்சு பதறாது. அறிந்த மெக்கானிக்கைக் கூட்டிச் சென்று பார்த்து வாங்குங்கள். ஒரு வருடம் தனியாக ஓட்டிப் பழகட்டும். ஒரு மழைக்காலமும் கடந்துபோகட்டும். அதன்பின் அவன் கிளாசிக் கேட்டால், சகோதரி, தடுக்கவேண்டாம். அவன் உடலுக்கு அது பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. ஆகையால் 350-ஐத் தாண்டவேண்டாம்.

அதுவரை நீங்கள் பின்னால் ஏறாதிருங்கள். பழகுநர் உரிமம் உள்ளவர் பயிற்றுநரைத் தவிர வேறெவரையும் ஏற்றச் சட்டமே அனுமதிப்பதில்லை. உரிமம் வந்த பின்னும், சேலையோடு ஒருபக்கமாக அமரும் ஒருவரைச் சுமந்து சமநிலை காப்பது புதியவனுக்குக் கடினம். உபவாச ஜெபத்திற்கு இந்த வருடமும் பஸ்ஸிலேயே போய் வாருங்கள். பிற்காலத்தில் ஏறும்போது பின்புற ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைக் கூட்டி, பின்சக்கரத்தில் இருவருக்குரிய காற்றழுத்தம் வைக்கச் சொல்லுங்கள்.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் முன்னால் தேவன் காக்கிறார் என்று ஒட்டிவிட்டுத் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு வரும் சகோதரர்களை ஆலய வாசலில் வாரந்தோறும் பார்க்கிறேன். போதகர் சாவியின்மேல் கைவைத்து ஜெபிப்பது நல்லது. அவருக்கும் இது வருத்தந்தான். பெரிய தலைக்குச் சாலையோரக் கடைகளில் சரியான அளவு கிடைப்பதில்லை. தம்பி, புருவத்திற்கு மேலாக நூல் சுற்றித் தலையை அளந்துகொண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதை நல்ல கடையில் போட்டுப் பார்த்து வாங்கு. இறுக்கமாயிருக்கிறதென்று உள்பஞ்சைப் பிய்த்தெடுக்காதே.

சகோதரி, அடகு வைப்பதானால் இரண்டு வளையல்களையும் வைக்கவேண்டாம். பழைய வண்டிக்கு ஒன்றே போதுமா என்று முதலில் விலை விசாரியுங்கள். இந்த ஞாயிறு உங்கள் வாலிபர் தலைவரிடம் அந்த மூன்று வாரத்தைப் பற்றிப் பேசுங்கள். கேலி செய்த பிள்ளைகளில் ஒருவனுக்காவது வண்டி நன்றாக ஓட்டத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்தில் உங்கள் மகனுக்குக் கிளட்ச் பிடிக்கவும் பிரேக் பிடிக்கவும் கற்றுக்கொடுக்கும்படி அவனையே கேளுங்கள். அடுத்த கடிதத்தை உங்கள் மகன் எழுதட்டும்.