கண்மாய்க் கரையில் சும்மா நிற்க

செண்பகத்தோப்பு 2021 முதல் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறையைக் கேட்டுத்தான் நுழைய வேண்டும், சரி. ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்க யாரைக் கேட்க வேண்டும்?

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015இல் இருந்து நடக்கிறது. கால் மணி நேரம் நின்று எண்ணி, இபேர்டில் ஏற்றினால் போதும். இந்த முறை ராஜபாளையம் பக்கம் ஒரு கண்மாய்க்குக் குடும்பத்தோடு போனோம். நானும் மகளும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அம்மா சட்டென்று, “அது முக்குளிப்பான் தாயி, அந்தா கத்துறது ஆட்காட்டி” என்றார். நாற்று நட்டு, களையெடுத்து, வயலிலேயே நின்ற காலத்தில் சேர்த்த அறிவு அது. அதற்குக் கூலி என்று மட்டும்தான் பெயர் வைத்தார்கள்.

பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, “எந்தத் தெரு?” என்றார். கேமராவோடு வரும் வெளியூர்க்காரரை இப்படிக் கேட்பாரா?

2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர், நாயைக் கட்டச் சொன்னதற்கு ஒரு வெள்ளைப் பெண் போலீசைக் கூப்பிட்டார். சில நாளிலேயே கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் தங்களுக்கென்று ஒரு வாரத்தை அறிவித்து வெளியே வந்தார்கள். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியதும் தாகத்துக்காக மட்டுமா?

தோழர்களே, அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.