"என்ன நடந்தது?" எண்டு கேக்காதேங்கோ

வன்னியில் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. 2009இல் ஓமந்தையில் வரிசையில் நிண்ட சனத்திடம் கேட்டார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலுக்குள் அடுப்பு மூட்டின பிறகும் வந்து கேட்டார்கள். வீட்டில ஆர் ஆர் இருக்கினம், வெளிநாட்டில ஆர், முந்தி என்ன வேலை செய்தனீங்கள்? கேட்டவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். எழுதினது எங்கே போனது எண்டு சொன்ன ஆக்களுக்கு இண்டைக்கும் தெரியாது.

அடுத்து வந்தவை ஆணைக்குழுக்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் காணாமல்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் அதே தாய், அதே படம், அதே கதை. மகன் எங்கே எண்டு கேட்கப் போன தாயிடம், மரணச் சான்றிதழ் எடுக்க விருப்பமோ, வாழ்வாதார உதவி வேணுமோ எண்டு திருப்பிக் கேட்டதாக அமர்வுகளைப் பார்த்த சிவில் அமைப்புகள் எழுதின. இதற்கிடையில் தொண்டு நிறுவனங்களின் படிவங்கள் வேற.

இப்படிப் பத்துப் பதினைஞ்சு வருசம் கேள்விகளால் துளைக்கப்பட்ட ஒரு மண்ணில், தேத்தண்ணி நேரத்தில் பக்கத்து மெசினில் இருக்கிற அக்காவிடம் போய், "ஏன் அக்கா முகம் ஒரு மாதிரிக் கிடக்கு, என்ன நடந்தது?" எண்டு கேட்கிறோம். அவ "ஒண்டுமில்லை" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்புவா. நாங்கள் எங்கட கடமை முடிஞ்சுது எண்டு நினைக்கிறோம். கொஞ்சப் பேர், "கேட்டாலும் சொல்லமாட்டா, அழுத்தக்காரி" எண்டு தீர்ப்பும் சொல்லுவினம்.

அவ சொல்லாமல் விட்டது அழுத்தம் இல்லை, அனுபவம். பிழை எங்கட கேள்வியில் இருக்கு.

இந்த விசயத்தில் இரண்டு கட்சி இருக்கு. இரண்டோடையும் எனக்குச் சண்டை.

முதலாவது கட்சி, "கேளுங்கோ, கேட்டாலே பாதி பாரம் குறையும்" எண்டு சொல்லுற கட்சி. அவுஸ்திரேலியாவில் 2009இல் தொடங்கின "ஆர் யு ஓகே" இயக்கம் மாதிரியான சுலோகங்கள் இப்ப எங்கட வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுது. நோக்கம் நல்லது. ஆனால் கேட்பதால் ஒரு கேடும் வராது எண்டு நம்பக்கூடிய ஒரு சமூகத்தில் பிறந்த சுலோகம் அது. அங்கே அந்த இயக்கம் தொடங்கின அதே வருசத்தில்தான் இங்கே ஓமந்தை.

அறிவியலும் இந்தக் கட்சிக்கு முழுசாத் துணை நிற்கவில்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே இருப்பில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கிற முறையை, 2002இல் வந்த கொக்ரேன் மீளாய்வு அலசியது. அதனால் பின்னாளைய பாதிப்புத் தடுக்கப்படவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் எண்டது முடிவு. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் அதைத்தான் சொல்லுது: ஆளை நெருக்கிக் கதையைக் கறக்காதே. பக்கத்தில் இரு, தேவை என்ன எண்டு பார், சொன்னால் கேள், உதவி கிடைக்கிற இடத்தோடு சேர்த்துவிடு.

இரண்டாவது கட்சி இன்னும் பெரிசு. "ஏன் சும்மா புண்ணைக் கிளறுவான், அவையின்ர பாட்டில விடு" எண்டு சொல்லுற கட்சி. மரியாதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் பல வேளை அது எங்கட வசதி. கேட்டால் ஏதும் செய்ய வேண்டி வரும் எண்ட பயம். யுத்தம் முடிஞ்ச கையோடு, 2009 மே மாதம் அமைக்கப்பட்ட வடக்குக்கான ஜனாதிபதி செயலணி, வீதியும் கட்டடமும் போடுகிற திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது, உளசமூக வேலைத்திட்டங்களுக்குத் தடை போட்டது. சனம் கதைக்கக் கூடாது எண்டது அதிகாரத்தின் விருப்பமும்தான். நாங்கள் "விடு, விடு" எண்டு சொல்லும்போது எந்தப் பக்கம் நிற்கிறோம் எண்டதையும் யோசிக்க வேணும்.

இரண்டு கட்சிக்கும் பொதுவான பிழை ஒண்டு இருக்கு. சக ஊழியரின் துயரம் எண்டால் அது பழைய காயம் மட்டும் எண்டு இரண்டும் நினைக்கின்றன. யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் திறந்த ஆடைத் தொழிற்சாலைகளில் நாள் முழுக்க மெசினில் குனிந்திருக்கிற ஒரு பெண்ணை அமத்துகிறது 2009 மட்டும் இல்லை. இண்டைக்குப் பின்னேரம் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகிற லோன்காரனும்தான்.

நுண்கடன் எங்கட கேள்வியையும் கெடுத்தது. ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018இல் இலங்கைக்கு வந்துபோய், சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போகுது எண்டு சொன்னார். வட்டி ஒரு பக்கம் இருக்க, குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவை பொறுப்பு. "எப்ப கட்டுவாய்?" எண்டு கேட்கிற ஆள் கம்பனிக்காரன் மட்டும் இல்லை, கூட இருந்து தேத்தண்ணி குடிக்கிற சிநேகிதியும்தான். தொழிற்சாலையிலும் இதே கணக்கு. இலக்கு முழு லைனுக்கும், ஊக்குவிப்புக் காசும் அதைப் பொறுத்து. ஒருத்தி சோர்ந்தால் எல்லாருக்கும் அடி. "ஏன் இண்டைக்கு உனக்கு பீஸ் குறைவு?" எண்ட கேள்வியை சூப்பவைசர் கேட்க முதல் நாங்களே கேட்டுவிடுகிறோம். ஒருத்தியை மற்றவள் காவல் காக்கிற ஏற்பாடு இது. இதுக்குள் இருந்துகொண்டு கேட்கிற "என்ன நடந்தது?" அவவின் காதில் விசாரணையாகத்தான் விழும்.

அப்ப எப்பிடிக் கேட்கிறது?

சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா எண்ட மனநல மருத்துவர் 2006இல் ஒரு வேலை தொடங்கினார். அவர் பயிற்சி கொடுத்தது ஊர் அம்மம்மாக்களுக்கு. கிளினிக்குக்கு வெளியே ஒரு மரவாங்கு, அதில் அவை இருந்து கதைப்பினம். சோனா மொழியில் அந்த நோய்க்கு அவை வைத்திருக்கிற பேர் "குஃபுங்கிசிசா", அதாவது அளவுக்கு மிஞ்சி யோசிக்கிறது. எங்கட ஆக்களும் மனச்சோர்வு எண்டு சொல்லுறேல்லை, "ஒரே யோசனையாக் கிடக்கு" எண்டுதான் சொல்லுவினம். அந்த அம்மம்மாக்கள் கேட்கிற கேள்வி எளிமையானது. இருக்கிற பிரச்சினைகளில் முதல் எதைப் பார்ப்பம்? அதுக்கு இந்தக் கிழமை செய்யக்கூடிய சின்னக் காரியம் என்ன? 2016இல் வெளியான ஆய்வில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட இந்த வாங்கில் இருந்தவர்களின் நிலைமை ஆறு மாதத்தில் நல்லாத் தேறியிருந்தது.

இதை எங்கட வேலைத்தளத்துக்குக் கொண்டுவர மூண்டு விசயம் போதும்.

முதலாவது, மறுக்க இடம் விட்டுக் கேளுங்கோ. "கதைக்க விருப்பமோ, இல்லாட்டி சும்மா கொஞ்ச நேரம் இருப்பமோ?" எண்டு கேட்டால் இரண்டும் அவவுக்குச் சரியான பதில். சூப்பவைசருக்கு முன்னால், லைனுக்கு நடுவில் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, பதில் ஆருக்குப் போகும் எண்டு முதலே சொல்லுங்கோ. "இது என்னோட இருக்கட்டோ, ஆருக்கும் சொல்ல வேணுமோ?" அவ அனுமதி தராமல் மனிதவளப் பிரிவுக்கும் போகக் கூடாது, வான் ஏறி வீட்டுக்குப் போகும்போது கதையாகவும் மாறக் கூடாது. ஒரு இடத்தில் மட்டும் இந்த வாக்குறுதி செல்லாது. "இருந்து என்ன பிரயோசனம்" எண்ட மாதிரி ஏதும் சொன்னால், சாக நினைக்கிறீங்களோ எண்டு நேராகவே கேளுங்கோ. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் எண்டது பிழையான பயம். பிறகு தனிய விடாமல் மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

மூண்டாவது, பாரம் கேட்கிற ஆளின் தோளில் ஏற வேணும். "என்ன நடந்தது?" எண்டு கேட்டால் சொல்லுற வேலையும் அவவுக்குத்தான். "லோன்காரன் எந்த நாள் வாறவன்? அண்டைக்கு நான் வந்து கூட நிக்கவோ?" "பிள்ளையை ரியூசனால ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" "இந்த பண்டிலை நான் முடிச்சுத் தரட்டோ?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவ அழ வேண்டியதில்லை. நாளைக்கு நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டு தெரியாமல் கேட்கிற கேள்வி, விடுப்புக் கேட்கிறதுதான்.

இதோடு நிற்பாட்டினால் இது தொழிற்சாலைக்கு இலவசமாகச் செய்துகொடுக்கிற சேவை. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் தேற்றி, இலக்கை மட்டும் அசையாமல் காப்பாற்றிக் கொடுக்கிற ஏற்பாடு. அதனால் மேல்நோக்கியும் கேட்க வேணும். ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவுக் கொடுப்பனவு வெட்டு? பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு போனவளின் குறையை ஏன் முழு லைனின் காசிலும் கழிக்கினம்? ஒருத்தி தனியக் கேட்டால் அவவின் வேலை போகலாம். முழு லைனும் சேர்ந்து கேட்டால் அனுப்ப யோசிப்பினம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போய் இருந்தார்கள். அதுவரை வருசக்கணக்காக மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அண்டையிலிருந்து கேட்கிறவர்களாக மாறினார்கள். உங்களுக்குப் பக்கத்து மெசினில் இருக்கிற அக்காவிடமும் ஒரு கேள்வி இருக்கும். கடன்காரனிடமோ, முதலாளியிடமோ, அரசாங்கத்திடமோ கேட்க வேண்டிய கேள்வி. அவவின் கதையைக் கேட்டு எடுக்கிறதை விட, அந்தக் கேள்வி என்ன எண்டு கேட்டு, அதை அவ கேட்கும்போது பக்கத்தில் நிற்கிறதுதான் சக ஊழியரின் வேலை.