நிழல் நகரும்... நாய் நகர முடியுமா? கொல்லைப்புறத்தைச் செல்லத்துக்கு ஏற்றதாக மாற்றுவது எப்படி?

செஞ்சியில் வெயிலைச் சொல்ல வெப்பமானி வேண்டாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகளே போதும். பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் அவை விட்டுக்கொண்டிருக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டை இடம்பிடித்தது. பார்க்க வருபவர்கள்கூட வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடத்தான் பார்க்கிறார்கள். மதியமானால் ஊர்க்காரர்கள் ஃபேனுக்கு அடியில் ஒதுங்கிவிடுவார்கள். கொல்லையில் கட்டிப்போட்ட நாய் எங்கே ஒதுங்கும்?

நாயை யாரும் வேண்டுமென்றே வெயிலில் கட்டுவதில்லை. காலையில் வேப்பமர நிழல் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால், எட்டு மணிக்கு மரத்துக்கு மேற்கே விழுந்த நிழல், உச்சிப்பொழுதில் மரத்தடிக்குச் சுருங்கி, மூன்று மணிக்குக் கிழக்கே போய்விடுகிறது. நாலடிச் சங்கிலி நிழலோடு கூடப் போகாது. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் இது நடக்கிறது.

`நம்ம ஊரு நாய்க்கு வெயில் பழக்கம்தானே' என்பார்கள். தெருவில் திரியும் நாயைக் கவனித்தால் உண்மை தெரியும். அது சாக்கடை ஓரத்திலோ, நிற்கும் லாரிக்கு அடியிலோ போய்ப் படுத்துக்கொள்ளும். பழக்கம் என்பது வெயிலைத் தாங்குவதல்ல, வெயிலைவிட்டு நகரத் தெரிவது. கட்டிய நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

மனிதர்களைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் முக்கியமான குளிர்ச்சி ஏற்பாடு. அதன் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. 106-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகளே பாதிக்கப்படலாம். விடாமல் இரைப்பது, கெட்டியாக எச்சில் வடிவது, ஈறு ரத்தச் சிவப்பாவது, தள்ளாடுவது ஆகியவை அறிகுறிகள். உடனே நிழலுக்குத் தூக்கிவந்து, உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றுப் படவைக்க வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டவே கூடாது. குளிர வைத்த கையோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கொல்லையே வேண்டாம், கோடை மதியத்தில் அவை வீட்டுக்குள் இருக்கட்டும்.

சட்டமும் சங்கிலியைப் பற்றிப் பேசுகிறது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாததும் அதே பிரிவில் வருகிறது. முதல்முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகைக்கு யார் பயப்படப் போகிறார்கள்?

நல்ல வழி, வேலியைச் சரிசெய்து நாயை அவிழ்த்துவிடுவதுதான். அடியில் தோண்டி வெளியேற முடியாதபடி வேலிக் காலோரம் கருங்கல் பதிக்கலாம். செஞ்சியில் கல்லுக்கா பஞ்சம்? வேலி போடும்வரை, இரண்டு மரங்களுக்கு இடையே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டலாம். பக்கத்தில் மதில் இருக்கக் கூடாது. நாய் தாண்டிக் குதித்து, சங்கிலியில் தொங்கிவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் முதல் செலவு அதற்கு மூடி போடுவதுதான்.

தகரக் கூண்டு மதியத்தில் அடுப்பு. தென்னங்கீற்றோ பனை ஓலையோ வேய்ந்து, நாலு பக்கமும் காற்று வரும் பந்தல் போதும். தண்ணீரை அலுமினியக் குண்டானில் வைத்தால் கொதிக்கும், கவிழும். மண் தொட்டியாக இரண்டு இடத்தில் வைத்து, தினமும் மாற்ற வேண்டும்.

அடுத்த பயம் பாம்பு. விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, சிந்திய தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மோப்பம் பிடித்துக்கொண்டு முகத்தை நீட்டுவது நாய். கடிபட்டால் கீறுவது, கட்டுப்போடுவது எல்லாம் வேண்டாம். நாயை ஓடவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அதைத் தயாரிக்க நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷமும் தேவை. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த விஷத்தை எடுத்துத் தருகிறது. மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து, போன் நம்பரைச் சேமித்து வைப்பது நல்லது.

விவசாய வீட்டுக் கொல்லையில் இன்னொரு ஆபத்து, வாசனையோடு வரும். செடிக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கை நாய் விரும்பித் தின்றுவிடும். அது கடும் விஷம். கடலைப் புண்ணாக்கு நல்லதுதானே என்றால், பூசணம் பிடித்தால் அதுவும் கல்லீரலைக் கெடுக்கும். மூட்டைகளை நாய்க்கு எட்டாத அறையில் பூட்டிவைக்க வேண்டும். எலி மருந்தும் அப்படித்தான். சாமிக்குப் பூ பறிக்கும் அரளியை வேலிக்கு வெளியே நடலாம். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

உண்ணி பெரும்பாலும் நாய் மேல் இருப்பதில்லை, சுவர் வெடிப்பில் இருக்கிறது. நாயைக் குளிப்பாட்டுவதோடு வெடிப்பையும் பூச வேண்டும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கைக்கணக்கில் நாய்க்கு ஊற்றுவது ஆபத்து. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

இத்தனையும் செய்தாலும், சும்மா படுத்தே கிடந்தால் நாய்க்குப் பைத்தியம் பிடித்தமாதிரி ஆகிவிடும். பூச்செடியைத் தோண்டுகிறது என்று அடிப்பதைவிட, நிழல் விழும் மூலையில் ஆற்று மணல் கொட்டி, `இது உன் இடம்' என்று பழக்கலாம். உப்பில்லாமல் வேகவைத்த நாலு கடலைப் பருப்பைத் தோல் நீக்கி மணலில் புதைத்துவைத்தால் போதும். மோப்பம் பிடித்துத் தேடி எடுப்பதில் அரை மணி நேரம் போய்விடும். சாயங்காலம் மணல்மேல் ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிட்டால், இரவில் நாய் தானே வந்து அங்கே குழிபறித்துப் படுத்துக்கொள்ளும்.