ரீல் வாங்கப் போனா ரீல் விடுறாங்க!

நம்ம ஊர்ல ரீல் விடுறதுக்குப் பஞ்சமே இல்ல. சினிமாக்காரங்க விடுறாங்க, கட்சிக்காரங்க விடுறாங்க, அப்ரைசல் நேரத்துல எங்க மேனேஜர் விடுறார். ஆனா தூண்டில் ரீல் விக்கிற எடத்துல விடுற ரீல் இருக்கே, அதுதான் மக்கா உலகமகா ரீல்.

புதுச்சேரியில கரையில நின்னு மீன் புடிக்கணும்னு ஆசைப்படுற ஒரு பையன் ஏழு, எட்டு அடியில ஒரு மீடியம் ராடு வாங்கிடுறான். அதுவரைக்கும் சரி. ரீல்னு வந்த உடனே ஆளாளுக்கு ஆரம்பிச்சிடுறாங்க. "கடல் தம்பி, குளம் இல்ல. 8000 சைஸ் எடு. 11+1 பால் பேரிங் பாரு. 15 கிலோ ட்ராக் பாரு." பையன் பாதி மாச சம்பளத்தைக் கொடுத்துட்டு முக்கால் கிலோ இரும்பைத் தூக்கிட்டு வர்றான். நாலே வாரம். அப்புறம் ராடு பரண்ல.

ஐயா, தெரியாமத்தான் கேக்குறேன், ரெக்வயர்மெண்ட்னு ஒண்ணு கேட்டீங்களா? எங்க நிக்கப்போற, என்ன வீசப்போற, என்ன மீனுன்னு ஒரு வார்த்தை?

எங்க நிக்கப்போறான்னு நான் சொல்றேன். 1980களோட கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காக அலைத்தடுப்பு கட்டினாங்க. நம்ம கரையில வருஷத்துல பெரும்பகுதி மணல் தெற்கேருந்து வடக்கே நகரும். தடுப்பு அதை நிறுத்திடுச்சு. வடக்குப் பக்கம் டவுன்ல மணல் போச்சு, பதிலுக்குக் கருங்கல்லைக் கொட்டினாங்க. 2018 வாக்குல தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் பக்கத்துக் கடல்ல செயற்கைத் திட்டு போட்டப்புறம் கொஞ்சம் மணல் திரும்பி வந்துச்சு. புதுப் பாலத்துலயும் ஒரு பகுதி 2022 மார்ச்ல இடிஞ்சு விழுந்துடுச்சு. ஆக நமக்கு மிச்சம் கல்லு, முகத்துவாரம், சுண்ணாம்பாறு மாதிரி உப்பங்கழி ஓரம்.

அங்க கெடைக்கிறது கொடுவா, சின்னப் பாறை, சீலா. ரெண்டு கிலோ, மூணு கிலோ. அதிர்ஷ்டம் இருந்தா அஞ்சு. வீசுறது 20, 30 கிராம் பொய் இரை. மாட்டின மீன் இலங்கைக்கு ஓடப்போறதில்ல, பக்கத்துக் கல்லு இடுக்குக்குத்தான் ஓடும். சண்டை முதல் முப்பது மீட்டர்லயே முடிஞ்சிடும். அதுக்கு 500 மீட்டர் நரம்பு சுத்துற ரீல் எதுக்குங்க? 4000 சைஸ்ல 20 பவுண்டு பிரெய்டு 200 மீட்டருக்கு மேலயே தாராளமா ஏறும்.

இப்ப அந்த 15 கிலோ ட்ராக் கதைக்கு வருவோம். ட்ராக்கை நரம்போட தாங்கு சக்தியில கால் பங்கு, மிஞ்சினா 30 சதவீதம் வைக்கணும்கிறது உலகம் பூரா இருக்குற பழக்கம். 20 பவுண்டுன்னா சுமார் 9 கிலோ. அதுல கால் பங்கு ரெண்டே கால் கிலோ. சுமாரான 4000 ரீலே அதைப் போல மூணு, நாலு மடங்கு தரும். தேவை என்னன்னா அந்த ரெண்டே கால் கிலோ வெட்டி வெட்டி இழுக்காம வழுக்கிட்டுப் போகணும். "15 கிலோ இருக்கே"ன்னு இறுக்கி வச்சா நரம்பு அறும். அறுந்தா நமக்கு நட்டம் முந்நூறு, நானூறு ரூபா. வாயில ரெண்டு மும்முனை முள்ளோட போற கொடுவாவுக்கு உயிரே போகலாம். எனக்கு இதுலதான் பயங்கரக் கடுப்பு.

பேரிங் எண்ணிக்கை அடுத்த மோசடி. 11+1ல அந்த +1 கைப்பிடி பின்னால சுத்தாம புடிக்கிற ஒருவழி உருளை. மிச்ச பதினொண்ணும் உப்புக்குத் தாங்காத சாதா எஃகுன்னா, துருப்புடிக்க பதினோரு எடம்னு அர்த்தம். மெயின் கியருக்கு ரெண்டு பக்கம், பினியனுக்கு, ஈர நரம்பு உரசிட்டே ஓடுற லைன் ரோலருக்கு நல்லதா இருந்தாப் போதும். மொதல்ல சாகுறது அந்த ரோலர்தான். கேமராவுக்கு மெகாபிக்சல் எண்ணின அதே கூட்டம்தான் இங்க பேரிங் எண்ணிட்டு இருக்கு.

காசு போகவேண்டிய எடம் சீல். பென் ஸ்பின்ஃபிஷர் 6க்கு ஐபிஎக்ஸ்5, ஸ்லாமர் 4க்கு ஐபிஎக்ஸ்6னு போட்டிருப்பான். 5ன்னா பீச்சியடிக்கிற தண்ணியைத் தாங்கும், 6ன்னா இன்னும் வேகமாப் பீச்சினாலும் தாங்கும். அந்த எக்ஸ் என்னன்னா, தூசி சோதனை பத்தி ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம். அதனால மணல்ல வைக்காதீங்க. சோதனையும் நல்ல தண்ணியில நடக்குறது, வங்காள விரிகுடாவுல இல்ல. இந்த மாதிரி ரீல் கொஞ்சம் கனம் கூடும், பரவால்ல. கையில காசு கம்மின்னா சீல் இல்லாத 4000 எடுத்து, ஒவ்வொரு தடவையும் ட்ராக்கை இறுக்கிட்டு மேலாப்புல நல்ல தண்ணி தெளிச்சுக் கழுவி, காயவச்சு ட்ராக்கைத் தளர்த்திடுங்க. வேகமாப் பீச்சினா உப்பு உள்ள போகும்.

கனம்னதும் ஒரு கணக்கு. 4000 ரீல் பொதுவா 250லேருந்து 350 கிராம். 8000 எல்லாம் 600க்கு மேல. மணிக்கு அறுபது வீச்சுன்னா மூணு மணி நேரத்துல 180 தடவை அந்த எக்ஸ்ட்ரா 300 கிராமை ஆட்டணும். பகல் பூரா கீபோர்டு தட்டின மணிக்கட்டு தாங்குமா?

அந்தமான்ல ராட்சசப் பாறையைப் புடிக்கிற வீடியோ பாத்துட்டு வர்றவங்களுக்கு: அங்க போட்ல போய் 14000 போடுங்க, நான் குறுக்க வரல. ஆழ்கடல்ல வஞ்சரத்துக்குப் பெரிய ஸ்பூல் வேணும்னாலும் ஒத்துக்குறேன். பெய்ட்காஸ்டர் வேணும்னு அடம்புடிக்கிறவங்க, மத்தியானத்துக்கு மேல எதிர்க்கடல்காத்துல ஒரு தடவை வீசிப் பாருங்க. நரம்புச் சிக்கெடுக்கவே பொழுது போயிடும்.

வேடிக்கை என்னன்னா, இந்த ஸ்பின்னிங் ரீலை உலகம் பூரா கொண்டுபோனதுல பெரும்பங்கு பிரெஞ்சுக்காரனோடது. க்ளூஸ் ஊர்ல கடிகாரப் பாகம் செஞ்சிட்டிருந்த கார்ப்பனோ எ போன்ஸ் கம்பெனி 1930களோட கடைசியில மிட்செல் ரீலைக் கொண்டுவந்துச்சு. பிரெஞ்சுத் தெருவுல நின்னு போட்டோ எடுக்குற நாம அதையாவது தெரிஞ்சுக்கலாம். நம்ம மீனவ அண்ணன்மாரோ ரீலே இல்லாம, தங்கூசி நரம்பை விரல்ல சுத்திக்கிட்டு நம்மள விடப் பெரிய மீனா ஏத்துறாங்க. அவங்க விரல்தான் ட்ராக்!

டிஸ்கி: கடையில ரீலைக் கையில வாங்கினதும் ரெண்டு விஷயம் பண்ணுங்க. ட்ராக்கைப் பாதி இறுக்கி நரம்பை மெதுவா இழுங்க. திக்கித் திக்கி வந்தா கீழ வச்சிடுங்க. அப்புறம் லைன் ரோலரை விரலால சுத்துங்க. இடதுகைக்காரங்களுக்குத் தனி மாடல்னு யாராவது கூடக் காசு கேட்டா சிரிச்சிட்டு நகருங்க. ஸ்பின்னிங் ரீல் பெரும்பாலானதுல கைப்பிடியைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கலாம்.