சீட்டில் ‘பிசியோ’ என்று எழுதினால் போதுமா?

முடக்குவாதத்துக்கான மருந்தில்லாச் சிகிச்சைகள் குறித்து அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜியின் 2022 வழிகாட்டுதல் 28 பரிந்துரைகளைத் தருகிறது. அவற்றுள் உறுதியான பரிந்துரை ஒன்றே ஒன்றுதான்: உடற்பயிற்சியைத் தொடர்ந்து செய்ய வேண்டும். மற்ற 27-ம் நிபந்தனைக்குட்பட்டவை. 2018-இல் ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலாரும் இதே திசையில்தான் பேசியது. எனவே இந்த இதழின் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம்: முடக்குவாத நோயாளிக்குப் பயிற்சி எழுதித் தராமல் அனுப்புவது அரைகுறைச் சிகிச்சை.

பயிற்சி மூட்டைத் தேய்த்துவிடும் என்ற பயம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. நெதர்லாந்தில் 309 பேரிடம் நடந்த ராபிட் ஆய்வு 2003-இலேயே இதற்குப் பதில் சொன்னது. வாரம் இருமுறை, 75 நிமிடம், இரண்டாண்டுகள் கடும் பயிற்சி. செயல்திறன் கூடியது, நோயின் தீவிரம் கூடவில்லை. பெரிய மூட்டுகள் ஏற்கெனவே மிகவும் சிதைந்திருந்த சிலரிடம் மட்டுமே எச்சரிக்கை தேவைப்பட்டது.

என் நெடுநாள் கவலை ஓ.பி. சீட்டைப் பற்றியது. மெத்தோட்ரெக்ஸேட் எத்தனை மில்லிகிராம், எந்தக் கிழமை, ஃபோலிக் ஆசிட் எப்போது என்று பார்த்துப் பார்த்து எழுதும் கை, கடைசி வரியில் ‘பிசியோ’ என்று கிறுக்கிவிட்டு நின்றுவிடுகிறது. என்ன பயிற்சி, எவ்வளவு பளு, வலித்தால் என்ன செய்வது, ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டோடு வரும் அம்மாவை மின்சிகிச்சை மெஷின் முன் பத்து நிமிடம் உட்காரவைத்து அனுப்பிவிடுகிறோம். மின்சிகிச்சை வேண்டாம் என்று, நிபந்தனையோடுதான் என்றாலும், அதே வழிகாட்டுதல் சொல்கிறது. “வீட்டு வேலை எல்லாம் நான்தானே டாக்டர் செய்யறேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?” என்று அவர் கேட்டால் உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரமில்லை. துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அதே மூட்டுகளைத்தான் திரும்பத் திரும்ப வதைக்கின்றன; இளைத்துப்போன தொடைத் தசையைத் தேற்றுவதில்லை. இதயநோய் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்காக உள்ளவர்கள் இவர்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

நேரமில்லாமல் போனதற்கு நாம் மட்டுமா காரணம்? மெஷின் கேட்டால் கோப்பு நகர்கிறது. இன்னொரு இயன்முறை மருத்துவர் கேட்டால் ஆண்டுக்கணக்கில் பதில் இல்லை. முட்டி மாற்று அறுவைக்குப் பணம் தரும் காப்பீடுகளில் பெரும்பாலானவை, புறநோயாளியாக வந்து பயிற்சி பெறுபவருக்குக் காசு தருவதில்லை. படுக்கையில் விழுந்தால்தான் நோயாளி என்று எண்ணும் நிர்வாகத்திடம் எத்தனை முறைதான் மன்றாடுவது? தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. அது நல்ல காரியம். அதில் முடக்குவாத நோயாளிகளின் பயிற்சிக்கும் முறையான இடம் வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்கிறோம்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஓ.பி.யிலேயே பயிற்சியின் பெயர், வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். பயிற்சிக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் அளவைக் குறைக்கச் சொல்லி, அதையும் சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள்.