கடலுக்குப் பயப்படும் தம்பி தங்கைகள்

2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் பார்த்ததில்லை. ஆனால் நம்ம வேளாங்கண்ணியில் அந்தக் கதையைக் கேட்காத பிள்ளை ஏது? அதைக் கேட்டே என் தம்பி அலைப்பக்கம் வரமாட்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்வதும், தூக்கிப்போய்த் தண்ணியில் விடுவதும் தப்பு. பயம் கூடத்தான் செய்யும்.

உண்மையைச் சொல்லுங்கள். தினமும் வரும் அலை காற்றால் உண்டாவது. சுனாமியோ சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்ததால் வந்தது. அன்று முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது.

பிறகு கையைப் பிடித்து முதல்நாள் மணல்வரை, இன்னொரு நாள் ஈரம்வரை கூட்டிப்போங்கள். "போதும்க்கா" என்றால் திரும்பிடணும். கடல் திடீரென்று உள்வாங்கினால் கரையைவிட்டு ஓடணும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பயம் போகணும், கவனம் போகக்கூடாது!

— 9-ஆம் வகுப்பு மாணவி